பாதி வெட்டிய மாமரம்

ஒரே குழியில் மூன்று மரங்களை நட்டவரை அந்தத் தெருவில் ஒருவரும் புத்திசாலி என்று சொல்லவில்லை. சலூன் வைத்திருந்த மனிதர் அவர். தலைமுடியைப் பற்றித் தெரியும், மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தார்கள்.

"பஸ்ஸுல நிக்கிற மாதிரி நெருக்கி நட்டிருக்கியே, எது மூச்சு விடும்?" என்று பக்கத்து வீட்டு லாரிக்காரர் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"பஸ்ஸுல நின்னவன் எவன் மூச்சு முட்டிச் செத்தான்? எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துட்டுத்தான் இருக்காங்க" என்றார் சலூன்காரர்.

அவர் வீட்டுக் கொல்லை நீளத்தில் எட்டுத் தப்படி, அகலத்தில் ஆறு தப்படி. ஒரு பக்கம் சிமெண்ட் ஷீட் போட்ட சமையலறை, எதிர்ப்பக்கம் பின்சந்துக்குத் திறக்கும் சின்னக் கதவு. வெயில் அந்த இடத்தில் விழாது, கொட்டும். அதற்கு முன் இரண்டு முறை தனியாக ஒரு மாங்கன்று வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரு கோடை தாண்டவில்லை, தண்டு வெடித்துக் கருகிப்போயின. தனியாக நின்றதால்தான் கருகிவிட்டது என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு மரம் வேண்டும் என்று அடம். மூன்றையும் சேர்த்து யோசித்து, ஒரே குழி தோண்டி, இரண்டடி இடைவெளியில் முக்கோணமாக நட்டுவிட்டார். பெரியவளுக்கு மா, நடுவுள்ளவளுக்குக் கொய்யா, சின்னவளுக்கு மாதுளை. ஒன்றின் நிழல் இன்னொன்றின் காலில் விழுந்தது. மூன்றும் பிழைத்துக்கொண்டன.

ஆனால் நெருக்கி நட்ட மரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்று மற்றதை மிஞ்ச விடக்கூடாது. வருஷா வருஷம் மாங்காய் ஓய்ந்ததும், காற்றுக்காலத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலூனைப் பூட்டிவிட்டு மூன்றுக்கும் "கிராப்பு" வெட்டுவார்கள். வேடிக்கை பார்க்க லாரிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அளவு என்னவென்றால், அம்மாவின் கை. அம்மா குழிக்குப் பக்கத்தில் வந்து நின்று வலது கையை மேலே தூக்குவாள். விரல் நுனி எங்கே முடிகிறதோ அதுதான் மரத்துக்கு உச்சி. அதற்கு மேல் ஓர் இலை நிற்கக் கூடாது. சமைக்கிறவள் ஏணி தேடக்கூடாது என்பது சலூன்காரரின் கட்சி.

"கை வலிக்குது, சீக்கிரம் ஆகட்டும். அடுப்புல பால் இருக்கு" என்பாள் அம்மா.

"அசையாத. தலையை ஆட்டினா காதை வெட்டிடுவேன்னு கஸ்டமர்கிட்ட சொல்ற மாதிரி உன்கிட்டயும் சொல்லணுமா?" என்பார் அவர்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆளுக்கொரு சின்ன ரம்பம். மாங்கிளையை அறுத்தால் வடிகிற பால் தோலில் பட்டுப் புண்ணாகும் என்று பெரியவள் மட்டும் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். மத்தியானம் எல்லோரும் தழைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிக் கொய்யாக்காய்களை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பார்கள். நடுவுள்ளவளுக்கு இன்றைக்கும் பச்சைத் தழை வாசனை மூக்கில் ஏறினால் நாக்கில் மிளகாய் உறைக்கும்.

அவரவர் மரத்தை அவரவர்தான் வெட்ட வேண்டும். தப்பித் தவறி ஒருத்தி மரத்தை இன்னொருத்தி தொட்டால் சலூன்காரருக்குப் பொல்லாத கோபம் வரும். அதற்கு ஒரு கதை வைத்திருந்தார். இளம் வயதில் வேறொருவர் சலூனில் வேலை பார்த்தபோது, அவர் பாதி வெட்டிய தலையை இன்னொருவன் முடித்து வைத்தானாம். ஒரு காதுக்கு மேல் வயலும் மறு காதுக்கு மேல் காடுமாக அந்த ஆள் எழுந்து போனானாம். பழி இவர் மேல் விழுந்தது. அன்றோடு முடிவு செய்துவிட்டார், ஆரம்பித்த கைதான் முடிக்க வேண்டும் என்று. பிறகு சொந்தமாகக் கடை போட்ட காலத்தில், ஒரு தபால் குமாஸ்தாவின் தலையைப் பாதி வெட்டும்போதே அவருக்குக் காய்ச்சல் தூக்கியடித்தது. கடையில் இருந்த இன்னோர் ஆள் முடித்துத் தருகிறேன் என்றான். இவர் விடவில்லை. குமாஸ்தாவின் தலையில் துண்டைக் கட்டி அனுப்பி, மூன்று நாள் கழித்து அவரே முடித்துக் கொடுத்தார். மூன்று நாளும் அந்தப் புண்ணியவான் தலையில் துண்டோடு தபால் ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"காத்திருந்தான் பாரு, அவன் மனுஷன்" என்று கதையை முடிப்பார் சலூன்காரர்.

இந்த ஒரு பிடிவாதம்தான் பிற்பாடு குடும்பத்தையே பிடித்து ஆட்டியது.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், அதே மாதிரி ஒரு கிராப்பு நாளில், மாமரத்தில் சந்துப் பக்கத்துக் கிளைகளை வெட்டி இறக்கிவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பும்போது பெரியவள் பேச்சை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தைப் பழுது பார்க்க வந்த மணிக்காரனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் ஊர் ஊராகப் போய்க் கடிகாரம் சரிசெய்கிறவன், நிலையாக ஓர் இடம் கிடையாது. சலூன்காரர் குரலை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். லாரிக்காரர் நாற்காலியை எடுத்துக்கொண்டு நைசாக உள்ளே போய்விட்டார். அம்மாவின் கை மட்டும் இறக்க மறந்து மேலேயே நின்றது.

"போறதுன்னா போ! தடுக்கல. ஆனா ஆரம்பிச்சதை முடிச்சிட்டுப் போ!" என்று கத்தினார் அப்பா.

பெரியவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள். "முடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த முழுக்கைச் சட்டையோடே பின்சந்துக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அப்புறம் அந்த மரத்தில் யாரையும் கை வைக்க விடவில்லை அவர். "அவ ஆரம்பிச்ச தலை. அவ வந்து முடிப்பா" என்றார். முதல் வருஷம் அது கோபம். இரண்டாம் வருஷம் வீம்பு. அதற்கப்புறம் அது என்னவென்று பெயர் வைக்க நடுவுள்ளவளுக்குத் தெரியவில்லை.

மரம் சும்மா இருக்குமா? சந்துப் பக்கம் மொட்டையாக நின்றதால் பலமெல்லாம் சமையலறைப் பக்கம் ஓடியது. வெட்டாமல் விட்ட கிளை இடுப்பளவு பருத்து, ஷீட்டுக்கு மேல் சாய்ந்து படர்ந்தது. அதன் அடியில் கொய்யா வெளிச்சம் தேடி ஒல்லியாக, வளைந்து, நோஞ்சானாக நீண்டது. பதினோரு வருஷமாக அதில் ஒரு பிஞ்சு கிடையாது. மாதுளை வெறும் குச்சியாகிவிட்டது. மாங்காய் மட்டும் எட்டாத உயரத்தில் காய்த்து, பழுத்து, ஷீட்டின் மேல் தொம் தொம்மென்று விழுந்து வீணானது.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு தடவை நடுவுள்ளவள் பொறுக்கமாட்டாமல், அவர் இல்லாத நேரம் பார்த்துக் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு மாங்கிளையை அறுத்துவிட்டாள். வந்து பார்த்தவர் சுண்ணாம்பைக் கரைத்து வெட்டுவாயில் தடவிவிட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். அதோடு அவளும் கையைக் கட்டிக்கொண்டாள்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆயிற்று. சலூன்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் கடையை மூடினார்கள். சுழல் நாற்காலி ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லை வாசலில் போட்டாயிற்று. அதில் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சின்னவள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். நடுவுள்ளவள் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை பார்த்தாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தெளிவாகத் தெரிய வைத்துவிட்டு, சாயங்காலம் இருட்டான சமையலறைக்கு வந்து வெளியே வெளிச்சம் இருக்கும்போதே விளக்கைப் போட்டுக்கொண்டு சமைப்பாள். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம், "எனக்கு மேலே ஒரு கிளை இருக்கு, அது நகரட்டும்" என்பாள். கேட்டவர்கள் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் மாங்காய் ஓய்ந்த வாரத்தில் ஷீட் விரிசல் விட்டது. புதன்கிழமை காலை டீ போட்டுக்கொண்டிருந்தவளின் தலையில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மரம் வெட்டுகிறவரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் கிளையைத் தட்டிப் பார்த்தார், அடிமரத்தைச் சுற்றி வந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"காத்து வர்றதுக்குள்ள இறக்கிடணும்மா. ஒரு ஆட்டு ஆட்டுச்சுன்னா சமையல்கட்டு தரைமட்டம். உள்ள நீங்க இருந்தா உங்களையும் சேர்த்துதான்."

"கிளையை மட்டும் எடுக்க முடியாதா?"

"பாரம் பூரா ஒரே பக்கம். இந்தக் கிளையை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? அடியோட போட்டுடறதுதான் நல்லது. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

சுழல் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அது இன்னொருத்தர் ஆரம்பிச்ச தலை."

மரம் வெட்டுகிறவர் திருதிருவென்று விழித்தார். "என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல. நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள் நடுவுள்ளவள்.

அவர் போனதும் அப்பா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். நடுங்கும் கைகளை ஒன்றோடு ஒன்று கோத்துத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், நடுவு."

"எவ்வளவுப்பா? பதினேழு வருஷம் பொறுத்தாச்சு. கூரை என் தலையில விழுற வரைக்குமா?"

அவர் நாற்காலியை மறுபடி மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நாற்காலி திரும்பும்போது எழுகிற கிறீச் சத்தம் அவளுக்கு ஆத்திரத்தையும் அழுகையையும் ஒருசேரக் கொண்டுவந்தது. மரம் விழுந்தால் இந்த மனிதர் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம், கடையில் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள். நம்பர் சின்னவள் மூலமாக எப்போதோ வந்ததுதான். சின்னவளும் பெரியவளும் மறைவாகப் பேசிக்கொள்வது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்ததாக யாரும் காட்டிக்கொண்டதில்லை. பெரியவள் மணிக்காரனைக் கட்டிக்கொண்டு எங்கோ தொலைதூர ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள் என்பதுவரை நடுவுள்ளவளுக்குத் தெரியும்.

"யாரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல். ஒரு கதவு சாத்தப்பட்டது, கூச்சல் குறைந்தது. "நடுவா?"

"ஆமா."

"அப்பாவுக்கு ஏதாவது..."

"அப்பா நல்லா இருக்காரு. உன் மரம்தான் சரியில்ல." அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள், கிளை, விரிசல், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும். "வந்து உன் மரத்தை நீயே முடிச்சிட்டுப் போ. இல்லன்னா அடியோட போகுது."



"அம்மா செத்ததுக்கு நீ கூப்பிடல" என்றாள் பெரியவள். "மரத்துக்குக் கூப்பிடுற."

நடுவுள்ளவள் மெஷினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்த வாக்கியம் இதுதான். அம்மா போன அன்றைக்குச் சின்னவள் பிரசவமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நம்பர் நடுவுள்ளவளின் கையில் இருந்தது. கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் சின்னவள் சொல்லித்தான் பெரியவளுக்குத் தெரிந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"ஆமா. கூப்பிடல. நம்பர் இருந்துச்சு. கோபத்துல கூப்பிடல" என்றாள். "நீ கதவைத் திறந்துட்டுப் போயிட்ட. பால் காய்ச்சுறது, மருந்து கொடுக்கிறது, அம்மாவைக் குளிப்பாட்டுறது எல்லாம் நான். ஆனா அவங்க ரெண்டு பேரும் வாசலைப் பார்த்தது உனக்காக. அம்மா கடைசில என் கையைப் பிடிச்சுக்கிட்டு உன் பேரைச் சொன்னா. அந்தக் கோபம். தப்புதான். அதுக்கு நீ என்னை என்ன திட்டினாலும் கேட்டுக்கறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எனக்கு ஞாயித்துக்கிழமை வேன் சர்வீசுக்கு விடணும். வெட்டிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நடுவுள்ளவள் அன்றைக்கு ஒருவருடைய லென்ஸை இடம் வலம் மாற்றிப் பொருத்திவிட்டு, வந்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். போன் பேசியதை வீட்டில் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மரம் வெட்டுகிறவர் கயிறும் மெஷின் ரம்பமுமாக வந்து இறங்கினார். சின்னவளும் வந்துவிட்டாள். லாரிக்காரர் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார், ஆனாலும் பழைய ஞாபகத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டார். எல்லாம் இருந்தது, சலூன்காரர்தான் மசியவில்லை. சுழல் நாற்காலியைக் கிளைக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

"நான் எங்கேயும் இடைஞ்சல் பண்ணலையே. உன் வேலையை நீ பாரு."

"வேலையைப் பார்த்தா கிளை உங்க மேல வந்து நிக்கும்."

"நிக்கட்டும். அதுவும் எத்தனை நாள் தொங்கிட்டே இருக்கும்?"

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, எழுந்து வாங்கப்பா. ஷேவிங் பண்ணிக்கவா உட்கார்ந்திருக்கீங்க?"

மதிலுக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர் களுக்கென்று சிரித்தார். மரம் வெட்டுகிறவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தார். பத்து மணி வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் அடுத்த வேலைக்குப் போக வேண்டும் என்றார். நடுவுள்ளவள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். அப்பாவுக்குப் பாதி டம்ளர் மட்டும், நடுக்கத்தில் சிந்தாமல் இருக்க. கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றாள். பின்சந்துக் கதவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே பார்த்தாள். இத்தனை வருஷம் அவர் பார்த்தது இப்படித்தானா என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சந்தில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. கதவு இடுக்கில் மஞ்சள் நிறம் தெரிந்தது. பக்கவாட்டில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் ஒட்டிய பள்ளிக்கூட வேன். கதவு திறந்தது.

தலையில் நரை ஓடிய ஒரு பெண், தடித்த செருப்போடு உள்ளே வந்து நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன இது இந்தக் கோலத்துல நிக்குது?" என்றாள்.

"நீ வெட்டின லட்சணம்" என்றார் சலூன்காரர் நாற்காலியில் இருந்தபடியே. "பாதித் தலையோட விட்டுட்டுப் போனா வேற எப்படி நிக்கும்?"

"தலையில துண்டு கட்டி விடறதுதானே?"

"கட்டித்தான் வச்சிருந்தேன்" என்றார் அவர். அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பெரியவள் போய் அவர் காலடியில், மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். சின்னவள் வாய்விட்டு அழுதாள்.  நடுவுள்ளவளுக்கு டம்ளர்களைப் பொறுக்க வேண்டியிருந்தது, பொறுக்கினாள்.

டம்ளர்களோடு சமையலறைக்குப் போனவளுக்குப் பின்னால் பெரியவளும் வந்தாள். விரிசலை அண்ணாந்து பார்த்தாள். பகலில் எரிகிற விளக்கைப் பார்த்தாள்.

"இருட்டுலயேவா சமைக்கிற?"

"பழகிடுச்சு."

"வேன் பிள்ளைங்களைக் காலையில ஏத்துறப்ப தினமும் அதட்டுவேன், ஜன்னல் ஓரத்துல இருக்கிறவன் மத்தவனுக்கும் இடம் விடுன்னு." பெரியவள் விளக்கை அணைத்தாள், இருட்டைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டாள். "திட்டணும்னுதான் நினைச்சு வந்தேன். ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்ததுல பாதி மறந்துபோச்சு."

"ஞாபகம் வர்றப்ப போன் பண்ணித் திட்டு" என்றாள் நடுவுள்ளவள்.

"எடுப்பியா?"

"எடுப்பேன்."

வெளியே வந்தபோது சலூன்காரர் கிளைக்கு அடியிலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டு, ரம்பத்தை எடுத்து வைத்திருந்தார். சலூனில் கஸ்டமருக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. வருஷா வருஷம் எண்ணெய் போட்டிருக்கிறார், பல் ஒன்றில்கூடத் துரு இல்லை. மரம் வெட்டுகிறவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் மெஷினைச் சாக்கில் போட்டுக் கட்டினார். "நான் கயிறு பிடிக்கிறேன். நீங்க வெட்டுங்க" என்றார்.

"எவ்வளவு உயரம்?" என்று கேட்டாள் பெரியவள். கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அளவு காட்ட அம்மா இல்லை.

நடுவுள்ளவள் கையைத் தூக்கிப் பார்த்தாள், அது மிக உயரம். சின்னவள் தூக்கினாள், எட்டவில்லை. பெரியவள் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, குழிக்குப் பக்கத்தில் போய் நின்று வலது கையைத் தூக்கினாள்.

"அவ்வளவுதான்" என்றார் சலூன்காரர். "அசையாத. அதே உயரம்தான்."

"நிஜமாவா?"

"முப்பது வருஷம் பார்த்த கை. எனக்குத் தெரியாதா?"

நடுவுள்ளவள் ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து, அக்காவின் விரல் நுனி இருந்த இடத்தில் அடிமரத்தைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது அந்தக் கை அவள் கன்னத்தில் பட்டது. பெரியவள் இறக்கவில்லை.

"கை வலிக்குது, சீக்கிரம் ஆகட்டும்" என்றாள் பெரியவள், அம்மாவின் குரலில். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரிக்காரர், "அடுப்புல பால் இருக்கு!" என்று முடித்து வைத்தார். அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தார்கள்.

ஏணியில் ஏறி, கிளையின் நுனியிலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். பெரியவளின் கைக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. முதலில் அடியில் ஓர் அறுப்பு, பிறகு மேலிருந்து. பட்டை உரியாமல் கிளை கழன்று கயிற்றில் தொங்கியது. மரம் வெட்டுகிறவர் அதைச் சந்துப் பக்கம் இழுத்துப் போட்டார். மாம்பால் வாசனை கொல்லை முழுக்கப் பரவியது. ஷீட்டின் மேல் இருந்த பாரம் போய், வெயில் முதலில் ஒரு தட்டளவு விழுந்தது, பிறகு பாயளவு. கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த கடைசித் துண்டும் இறங்கியபோது மணி ஒன்று.

பெரியவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிவப்புத் துணியைப் பார்த்தாள். மரம் இன்னும் அதற்கு மேல் இரண்டு ஆள் உயரம் இருந்தது. "சாப்பிட்டுட்டு மிச்சத்தையும் முடிச்சிடறேன்."

"வேண்டாம்" என்றார் சலூன்காரர்.

"ஏன்?"

"மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே தடவையில எடுக்கக் கூடாது. இத்தனை வருஷம் நிழல்ல இருந்த பட்டை. திடீர்னு இந்த வெயிலைக் காட்டினா வெந்துபோயிடும். இன்னைக்கு வெட்டின இடத்துக்குச் சுண்ணாம்பு அடி. அடுத்த வருஷம் ஒரு பங்கு. அதுக்கடுத்த வருஷம் ஒரு பங்கு."

மரம் வெட்டுகிறவர் அண்ணாந்து கணக்குப் போட்டார். "அடுத்த வருஷமே முடிச்சிடலாம் பெரியவரே. இது ஒண்ணும்..."

"மூணு வருஷம்" என்றார் சலூன்காரர்.

மரம் வெட்டுகிறவர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். பெரியவள் ஏணியில் நின்றபடியே திரும்பினாள்.

"நீங்கதானே அன்னைக்கு முடிச்சிட்டுப் போன்னு கத்தினீங்க?"

"அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றார் அவர். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். "முடிக்காமப் போ. அப்பத்தான் வருவ."

பெரியவள் ஏணியை விட்டு இறங்கி, ரம்பத்தைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி அவர் மடியில் வைத்தாள்.

சாயங்காலம் சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டு, சோறும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, விடிந்தால் திங்கட்கிழமை, வேன் ஓட வேண்டும் என்று கிளம்பினாள். போகும்போது பின்சந்துக் கதவைச் சாத்தவில்லை. மஞ்சள் வேன் சந்தின் முனை திரும்பும் வரை சின்னவள் கையாட்டிக்கொண்டு நின்று, அதன் பிறகு அவளும் வீட்டுக்குப் போனாள்.

நடுவுள்ளவள் தழைகளைக் கூட்டிக் குவித்தாள். சாய்ந்த வெயில் கொய்யாவின் மேல் விழுந்துகொண்டிருந்தது. வெளுத்து மெலிந்திருந்த அதன் இலைகள் கூச்சப்படுகிறவை மாதிரி இருந்தன. நாற்காலி கிறீச்சென்றது. அப்பா அதை மாமரத்திலிருந்து திருப்பி, முதல் முறையாகக் கொய்யாவுக்கு நேராக நிறுத்தியிருந்தார்.

"நடுவு."

"என்னப்பா?"

"உன் மரத்துக்கு வெயில் வருதா?"

கையில் துடைப்பத்தோடு அவள் நின்றாள். பதினேழு வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி.

"வருதுப்பா."

"அவ வருவாளா வருவாளான்னு பார்த்துக்கிட்டு, பக்கத்துல நின்னதைக் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார் அவர். "நான் பண்ணினது பெரிய தப்பு. உன் அம்மா இருந்திருந்தா சொல்லியிருப்பா."

அவள் வெயில் கண்ணில் படுகிறது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது பொய்யும் இல்லை.

"ரொம்ப வளைஞ்சுபோச்சு அது. நிமிருமா?" என்று கேட்டாள்.

"வெட்டினா புதுசாத் துளிர்க்கும். கொய்யா புதுத் துளிர்லதான் காய்க்கும்." அவர் மடியில் இருந்த வெள்ளைத் துணியைப் பிரித்து, ரம்பத்தை அவள் பக்கமாக நீட்டினார். அதன் பற்கள் வெயிலில் மின்னின. "பொழுது இன்னும் இருக்கு. உன் தலையை நீ ஆரம்பி."